ஹேலோ இன்ஃபினிட்: புதியவர் களம் இறங்கும் முறை

அணியாகச் சேர்ந்து ஆடும் அறிவியல் புனைகதைச் சுடும் கேம் ஒன்றை ஆடிப் பார்க்க வேண்டும், எதில் தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் ஹேலோ இன்ஃபினிட்டைத்தான் சொல்வேன். அதன் மல்ட்டிபிளேயர் பகுதி இலவசம். மனிதர்களோடு மோதும் முன் பழகிக்கொள்ள கேமுக்குள்ளேயே நல்ல பயிற்சிக்கூடம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, சாதாரணத் துப்பாக்கியின் ஒரே தோட்டாவில் இதில் யாரும் விழுவதில்லை. உடலைச் சுற்றி ஷீல்டு உண்டு. அது உடையும் வரை யோசிக்கவும் ஒதுங்கவும் உதவி கேட்கவும் புதியவருக்குச் சில நொடிகள் கிடைக்கும்.

முதல் ஹேலோ 2001 நவம்பர் 15 அன்று எக்ஸ்பாக்ஸோடு வெளிவந்தது. சரியாக 20 ஆண்டுகள் கழித்து, 2021 நவம்பர் 15 அன்று இன்ஃபினிட்டின் மல்ட்டிபிளேயர் வந்தது. கதைப் பகுதி தனி. அதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். இந்த அத்தியாயத்துக்கு அது தேவையில்லை.

முதல் வாரத்துக்கு ஒரே ஒரு இலக்கு வைத்துக்கொள்ளுங்கள்: உங்கள் அணிக்காரர் ஒருவராவது எப்போதும் உங்கள் பார்வையில் இருக்க வேண்டும். குறி பார்த்துச் சுடுவது கை பழகப் பழகத் தானாக வரும். சேர்ந்து நிற்கும் பழக்கம் அப்படி வராது, தெரிந்தே வளர்க்க வேண்டும். கீழே உள்ள எல்லாம் அந்த இலக்கை நோக்கியவைதான்.

தொடங்கும் முன் சரிபார்க்க வேண்டியவை

கேம் விண்டோஸ் கணினியிலும் எக்ஸ்பாக்ஸிலும் ஓடும். கணினி என்றால் குறைந்தது 8 ஜிபி ரேம், இன்டெல் ஐ5-4440 அல்லது ஏஎம்டி ரைசன் 5 1600 அளவுக்கு ஒரு பிராசஸர், என்விடியா ஜிடிஎக்ஸ் 1050 டிஐ அல்லது ஏஎம்டி ஆர்எக்ஸ் 570 அளவுக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு, சுமார் 50 ஜிபி காலி இடம் வேண்டும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத அலுவலக லேப்டாப்பில் முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள். டிஸ்க் எஸ்எஸ்டியாக இருந்தால் மேப் ஏற காத்திருக்கும் நேரம் வெகுவாகக் குறையும்.

இணையத்தில் வேகத்தைவிட நிலையான இணைப்பு முக்கியம். வைஃபை ரவுட்டர் அடுத்த அறையில் இருந்தால், முடிந்தவரை லேன் கேபிள் போட்டுவிடுங்கள். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இறக்கத் தொடங்கும் முன் அன்றைய டேட்டா எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். 1.5 ஜிபி, 2 ஜிபி தினசரி பேக் இதற்கு எந்த மூலைக்கும் போதாது.

நிறுவும் வரிசை

1. மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லையென்றால் முதலில் அதைத் தொடங்குங்கள். ஸ்டீம் என்ற கேம் கடை வழியாக ஆடினாலும் இது கட்டாயம்.

2. கணக்கில் கேமர்டேக் என்ற ஆட்டப் பெயர் கேட்கும். உங்கள் உண்மைப் பெயர், பிறந்த ஆண்டு, ஊர், கல்லூரி எதுவும் அதில் வரக்கூடாது. முன்பின் தெரியாதவர்கள் எல்லாரும் பார்க்கும் பெயர் அது.

3. கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள்.

4. ஸ்டீம், மைக்ரோசாஃப்ட் ஸ்டோர், எக்ஸ்பாக்ஸ் ஆப் ஆகியவற்றிலிருந்து மட்டும் கேமை இறக்குங்கள். இலவச கேமுக்குக் கிராக் வெர்ஷன் என்று ஒன்று கிடைக்கிறதென்றால், அதற்குள் வைரஸ் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

5. கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள்.

6. முதல் முறை திறக்கும்போது, படத்தை வரைய உதவும் ஷேடர்களைத் தயார் செய்ய கேம் சிறிது நேரம் எடுக்கும். அது முடியும் வரை பொறுங்கள். அவசரப்பட்டு மேட்ச்சுக்குள் போனால் படம் தடுக்கித் தடுக்கி ஓடும்.

எக்ஸ்பாக்ஸில் ஆடுபவர்கள் 1, 2, 3 ஆகியவற்றை முடித்து, கன்சோலின் ஸ்டோரிலிருந்து கேமை இறக்கினால் போதும். இலவச கேம் என்பதால் மாதச் சந்தா தேவையில்லை.

முதலில் மாற்ற வேண்டிய செட்டிங்ஸ்

பலர் இந்தப் பக்கத்தைத் திறப்பதே இல்லை. தலைசுற்றல், கண்வலி, "மவுஸ் சரியில்லை" என்ற புகார் எல்லாம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகின்றன.

முதலாவது ஃபீல்டு ஆஃப் வியூ, அதாவது திரையில் தெரியும் பார்வைக் கோணம். கணினியில் இது 78 என்று வைக்கப்பட்டிருக்கும். 90 முதல் 100 வரை உயர்த்திப் பாருங்கள். பக்கவாட்டில் வருபவர் தெரிவார். பலருக்குத் தலைசுற்றலும் குறையும். அதற்கு மேல் போனால் தூரத்து எதிரி சின்னப் புள்ளியாகிவிடுவார், ஆகவே புதியவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, மோஷன் பிளர், ஸ்கிரீன் ஷேக், ஸ்பீடு லைன்ஸ் ஆகிய மூன்றையும் அணைத்துவிடுங்கள் அல்லது குறையுங்கள். பார்க்க அழகுதான், ஆனால் எதிரியை மறைக்கும்.

மூன்றாவது மவுஸ் சென்சிட்டிவிட்டி. புதியவர்கள் இதை எப்போதும் அதிகமாகவே வைக்கிறார்கள். மவுஸ் பேடின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை இழுத்தால் உங்கள் வீரர் ஒரு முழுச் சுற்றுக்குக் கொஞ்சம் கூடவோ குறையவோ திரும்ப வேண்டும். அந்த அளவில் வைத்துவிட்டு ஒரு வாரம் தொடாதீர்கள். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் சென்சிட்டிவிட்டியை மாற்றிக்கொண்டிருந்தால் கை எதையும் கற்காது. கண்ட்ரோலர் வைத்திருப்பவர்கள் தயங்காமல் அதிலேயே ஆடலாம். குறியைச் சற்று ஒட்டவைக்கும் உதவி அதில் உண்டு.

> குறிப்பு: எதிரி, அணிக்காரர் நிறங்களை விருப்பப்படி மாற்றலாம். சிவப்பு-பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாதவர்கள் மஞ்சள், நீலம் போன்றவற்றைத் தேர்ந்தெடுங்கள்.

கண்ட்ரோல்ஸ் பக்கத்தில் மூன்று செயல்களுக்கு எந்தப் பட்டன் என்று பார்த்து மனதில் பதியுங்கள்: கிரெனேடு எறிவது, கையால் அடிக்கும் மெலீ, இடத்தைக் குறித்துக் காட்டும் மார்க். விரல் எட்டவில்லை என்றால் பட்டனை மாற்றுங்கள். மார்க் பட்டனை மறக்கவே வேண்டாம், அதன் அருமை பின்னால் தெரியும்.

பயிற்சிக்கூடம்: மனிதர்களைச் சந்திக்கும் முன்

மெனுவில் அகாடமி என்று ஒரு பகுதி இருக்கிறது. இந்த வரிசையில் போங்கள்.

1. அறிமுகப் பயிற்சியை முழுதாக முடியுங்கள். நடப்பது, தாவுவது, துப்பாக்கி மாற்றுவது எல்லாம் அதில் வந்துவிடும்.

2. வெப்பன் டிரில்ஸில் அசால்ட் ரைஃபிள், சைட்கிக் பிஸ்டல், பேட்டில் ரைஃபிள் ஆகிய மூன்றை மட்டும் எடுங்கள். முதல் இரண்டும்தான் பெரும்பாலான சாதாரண மேட்ச்களில் கையில் கிடைப்பவை. மூன்றாவது ஒரு அழுத்தலுக்கு மூன்று தோட்டா விடும், தூரத்துக்கு ஏற்றது. நட்சத்திரம் எத்தனை கிடைத்தது என்பதைப் பெரிதாக எடுக்காதீர்கள்.

3. டிரெயினிங் மோடில் ஒரு மேப்பைத் தேர்ந்தெடுத்துச் சும்மா நடந்து பாருங்கள். எந்தச் சுவரில் எந்தத் துப்பாக்கி தொங்குகிறது, எந்தப் படி எங்கே ஏறுகிறது என்று பாருங்கள். நீங்கள் நிற்கும் இடத்தின் பெயர் திரையிலேயே தெரியும். அந்தப் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், மேட்ச்சில் அணிக்காரருக்குச் சொல்ல வேண்டியது அதைத்தான்.

4. பாட்களோடு மோதுங்கள். பாட் என்பது கணினி ஆட்டுவிக்கும் வீரர். ரெக்ரூட், மரீன், ஓடிஎஸ்டி, ஸ்பார்ட்டன் என்று நான்கு நிலைகள் உண்டு. மரீன் பாட்டை நிதானமாக வெல்ல முடிந்தால் போதும், அடுத்த கட்டத்துக்கு நகரலாம்.

5. அதன்பின் மனிதர்கள் ஓர் அணியாகச் சேர்ந்து பாட்களை எதிர்க்கும் மோடைத் தேடி ஆடுங்கள். 2023 டிசம்பரில் வந்த ஃபயர்ஃபைட்டும் இந்த வகைதான். எதிரிகள் கதைப் பகுதியில் வரும் கூட்டத்தினர். மெனுவில் மோடுகள் அவ்வப்போது மாறும் என்பதால் அன்றைக்கு இருப்பதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். தோற்றாலும் யாரும் திட்டாத இடத்தில், அந்நியரோடு சேர்ந்து நடக்கப் பழகுவது அங்கேதான்.

சண்டை எப்படி நடக்கிறது

கோட்பாடாகத் தெரிய வேண்டியது ஒன்றுதான். உங்களுக்கு இரண்டு அடுக்கு உயிர்: மேலே ஷீல்டு, உள்ளே உடல். சில நொடிகள் அடி படாமல் இருந்தால் ஷீல்டு மறுபடி நிரம்பும். ஆகவே அடிபட்டதும் ஒதுங்குபவர் மறுபடி முழு பலத்தோடு வருவார். அடிபட்டும் நின்று அடிப்பவர் பாதிக்குப் பாதி விழுவார்.

தாக்குவதற்கு மூன்று வழிகள்: துப்பாக்கி, கிரெனேடு, மெலீ. தனித்தனியாக எதுவும் பெரிதில்லை. சேர்த்துப் பயன்படுத்தும் வரிசையில்தான் ஆட்டமே இருக்கிறது.

அருகில் எதிரி என்றால்: அசால்ட் ரைஃபிளால் சுட்டபடி நெருங்குங்கள், ஷீல்டு உடைந்ததும் மெலீயால் ஓர் அடி. அவ்வளவுதான். ஷீல்டு முழுதாக இருக்கும்போது ஓடிப்போய் மெலீ அடிப்பது வீண், அடுத்த நொடி நீங்கள் விழுவீர்கள். பின்னால் போய் முதுகில் அடித்தால் மட்டும் ஷீல்டு இருந்தாலும் ஒரே அடி.

நடுத் தூரம் என்றால்: முதலில் உடலைப் பார்த்துச் சுட்டு ஷீல்டை உடையுங்கள், பிறகு சைட்கிக்குக்கு மாறித் தலையில் ஒரு தோட்டா. ஷீல்டு இருக்கும்வரை சைட்கிக்கால் தலையைத் தேடுவதில் புதியவருக்கு லாபமில்லை. உடைந்த பிறகு ஒன்றே போதும். இந்தத் துப்பாக்கி மாற்றத்தை பாட்களிடம் கை கூசாமல் வரும்வரை செய்யுங்கள். அசால்ட் ரைஃபிளில் 36 தோட்டா, சைட்கிக்கில் 12. சண்டை நடுவில் தோட்டா தீர்ந்தால் ரீலோட் செய்யாதீர்கள், மற்றத் துப்பாக்கிக்கு மாறுங்கள். அது வேகமானது.

கிரெனேடை எதிரியின் மேல் எறிய வேண்டாம். அவர் அடுத்து எங்கே ஒதுங்குவாரோ அந்த மூலையில் எறியுங்கள். கதவுக்குள் நுழையும் முன் ஒன்று, ஓடுபவரின் வழியில் ஒன்று. செத்து விழும்போது கிரெனேடு மிச்சம் இருந்தால், அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டிய ஓர் இடத்தைத் தவறவிட்டிருக்கிறீர்கள்.

மேப்பில் கிடக்கும் துப்பாக்கிகளில் பிளாஸ்மா வகை ஷீல்டைத் தின்னும். பிளாஸ்மா பிஸ்டலை அழுத்திப் பிடித்து விட்டால் முழு ஷீல்டும் ஒரே அடியில் போகும், பக்கத்தில் இருக்கும் அணிக்காரர் முடித்துவைப்பார். நீட்லரின் இளஞ்சிவப்பு ஊசிகள் எதிரியைத் தேடிப் போய்க் குத்தும், போதிய அளவு சேர்ந்ததும் வெடிக்கும். குறி நடுங்கும் புதியவருக்கு இதைவிட நல்ல நண்பன் இல்லை. ஸ்னைப்பரை வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும்.

அணியாக ஆடுவது

நான்கு பேருக்கு நான்கு பேர் மோதும் மேட்ச்சில் நீங்கள் தனியாக ஒரு மூலைக்குப் போனால், மீதி மூன்று பேர் நான்கு பேரைச் சமாளிக்கிறார்கள். நீங்களும் விழுந்தால் மறுபடி எழும் வரை அதே நிலை. கபடியில் தடுப்பவர்கள் கைகோத்து நிற்பதும் இதே கணக்குதான்: ஒருவர் காலைப் பிடித்தால் மற்றவர் மேலே விழ வேண்டும். தனியாகப் பிடிக்கப் போனவர் வெளியே போவார்.

களத்தில் இதைச் செயல்படுத்தும் வரிசை:

1. மேட்ச் தொடங்கியதும் ஒரு நொடி நின்று மற்ற மூவர் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று பாருங்கள். பெரும்பான்மை போகும் பக்கம் போங்கள்.

2. ஒருவரைத் தேர்ந்தெடுத்து அவருக்குச் சற்றுப் பின்னால், சற்றுப் பக்கவாட்டில் நடங்கள். ஒட்டிக்கொண்டு நடந்தால் ஒரே கிரெனேடில் இருவரும் போவீர்கள். ஓர் அறையின் அகலம் இடைவெளி போதும்.

3. அவர் யாரைச் சுடுகிறாரோ நீங்களும் அவரையே சுடுங்கள். இரண்டு துப்பாக்கி ஒரே எதிரி மேல் பட்டால் அவருக்கு ஒதுங்க நேரமே இருக்காது. "அந்த எதிரி அவருடையது, இந்த எதிரி என்னுடையது" என்று பிரித்துக்கொள்வதுதான் புதிய அணிகள் தோற்கும் முதல் காரணம்.

4. எதிரி கண்ணில் பட்டதும், சுடும் முன்பே மார்க் பட்டனை அழுத்துங்கள். உங்கள் அணியில் எல்லாருக்கும் அந்த இடம் தெரியும். மைக் வேண்டாம், மொழி வேண்டாம். உலகின் எந்த மூலையில் இருக்கும் அணிக்காரரோடும் பேச எளிய வழி இது.

5. ஷீல்டு உடைந்ததும் அணிக்காரர் பக்கமாகப் பின்வாங்குங்கள். துரத்தி வருபவர் அவர் துப்பாக்கி முன் போய் நிற்பார்.

6. செத்து எழுந்ததும் பழிவாங்கத் தனியாக ஓடாதீர்கள். திரையில் அணிக்காரர்கள் இருக்கும் திசை தெரியும், முதலில் அங்கே போய்ச் சேருங்கள்.

மைக் இருந்தால் சொல்ல வேண்டியது மூன்றே: எத்தனை பேர், எந்த இடம், ஷீல்டு உடைந்ததா. "அய்யோ, அங்கே, அங்கே" என்பதால் யாருக்கும் பயனில்லை. "ரெண்டு பேர், மேல் படி, ஒருத்தனுக்கு ஷீல்டு போச்சு" என்பது ஒரு மேட்ச்சையே மாற்றும்.

திரையின் கீழ் மூலையில் இருக்கும் ராடாரைச் சில நொடிக்கு ஒருமுறை பாருங்கள். ஓடுபவர், நடப்பவர், சுடுபவர் அதில் தெரிவார்கள். குனிந்து மெதுவாக நகர்பவர் தெரியமாட்டார். கதவருகே காத்திருக்கும்போது குனிந்து இருங்கள்.

ஷீல்டைக் கூட்டும் ஓவர்ஷீல்டு, உடலை மறைக்கும் ஆக்டிவ் கேமோ, ராக்கெட் லாஞ்சர் போன்றவை மேப்பில் குறிப்பிட்ட இடங்களில் குறிப்பிட்ட இடைவெளியில் வரும். வரப்போகிறது என்று உங்களோடு பேசும் ஏஐ குரலே முன்கூட்டிச் சொல்லும். தனியாக எடுக்கப் போகாதீர்கள். இருவராகப் போய், ஒருவர் காவல் நிற்க மற்றவர் எடுப்பதே முறை.

மோடுகள், ஒரு பார்வை

ஸ்லேயரில் 50 பேரை முதலில் வீழ்த்தும் அணி வெல்லும். இங்கே அதிகம் சாகாமல் இருப்பதே பெரிய உதவி. உங்கள் ஒவ்வொரு சாவும் எதிரணிக்கு ஒரு புள்ளி.

ஆட்பாலில் ஒரு மண்டையோட்டைக் கையில் வைத்திருக்கும் நேரம் புள்ளியாகும். வைத்திருப்பவரால் சுட முடியாது. புதியவர் அதை எடுத்துக்கொண்டு மூலையில் நிற்க, மற்றவர்கள் காவல் காப்பது நல்ல ஏற்பாடு. ஸ்ட்ராங்ஹோல்ட்ஸில் மூன்று இடங்கள். இரண்டைப் பிடித்தால்தான் புள்ளி ஏறும். இரண்டு கையில் இருக்கும்போது மூன்றாவதற்கு ஆசைப்பட்டு எல்லாரும் ஓடினால், பின்னால் உள்ளது பறிபோகும். கொடி பிடிக்கும் மோடுக்குத் தனி விளக்கம் வேண்டாம்.

பிக் டீம் பேட்டில் என்பது 12 பேருக்கு 12 பேர், வண்டிகள், பெரிய மைதானம். உங்கள் தவறு கூட்டத்தில் கரைந்துவிடும் என்பதால் கூச்ச சுபாவம் உள்ளவர்கள் மனிதர்களோடு மோதும் முதல் மேட்ச்சை இங்கே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அணி ஒழுக்கம் கற்க நால்வர் மேட்ச்தான் சரி.

திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகள்

எப்போதும் ஓடிக்கொண்டே இருப்பது. ஓடும்போது துப்பாக்கி கீழே இருக்கும், எதிரி வந்தால் தூக்கவே நேரம் போகும். ஓட்டத்தால் கிடைக்கும் கூடுதல் வேகமும் அதிகமில்லை. திறந்த வெளியைக் கடக்க மட்டும் ஓடுங்கள்.

தரையைப் பார்த்து நடப்பது. குறிப்புள்ளி எப்போதும் எதிரியின் தலை வரக்கூடிய உயரத்தில் இருக்கட்டும். இந்த ஒன்றைத் திருத்தினாலே அன்றைய மேட்ச் வேறாக இருக்கும்.

ஷீல்டு உடைந்து ஓடியவரைத் துரத்திக்கொண்டு மூலை திரும்புவது. அங்கே அவர் நண்பர் காத்திருப்பார். ஒரு கிரெனேடை அனுப்பிவிட்டு நில்லுங்கள்.

மேட்ச் முடிந்ததும் தன் பெயருக்கு நேரே உள்ள எண்களை மட்டும் பார்த்து வருந்துவது. அசிஸ்ட் எண்ணிக்கையையும், அதாவது அணிக்காரர் எதிரியை வீழ்த்த நீங்கள் உதவிய தடவைகளையும் பாருங்கள். முதல் வாரத்தில் அது உயர்ந்துகொண்டே போனால் நீங்கள் சரியாக ஆடுகிறீர்கள்.

பாதுகாப்பு

மின்னும் ஒளியால் வலிப்பு வந்த வரலாறு உங்களுக்கோ குடும்பத்திலோ இருந்தால், மருத்துவரிடம் கேட்காமல் ஆட வேண்டாம். ஆடும்போது தலைசுற்றல், குமட்டல் வந்தால் உடனே நிறுத்துங்கள், "இந்த மேட்ச் முடியட்டும்" என்று இழுக்காதீர்கள்.

20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடி தூரத்தில் உள்ள ஏதாவது ஒன்றை 20 நொடி பாருங்கள். மேட்ச்சுக்கும் மேட்ச்சுக்கும் நடுவில் எழுந்து நின்று மணிக்கட்டை நீட்டி மடக்குங்கள். மணிக்கட்டு மேசை விளிம்பில் அழுந்தினால் நாற்காலியை உயர்த்துங்கள். ஹெட்போன் ஒலியைப் பாதியளவில் வையுங்கள். காலடிச் சத்தம் அதிலேயே கேட்கும்.

திட்டுபவர் எல்லா ஆன்லைன் கேமிலும் உண்டு. பதில் பேசாதீர்கள். பிளேயர் பட்டியலில் அவர் பெயரைத் தேர்ந்து மியூட் செய்யுங்கள், வரம்பு மீறினால் ரிப்போர்ட் செய்யுங்கள். வாய்ஸ் சாட், டெக்ஸ்ட் சாட் இரண்டையும் முழுதாக அணைத்தும் ஆடலாம். கேமுக்குள் செலவழிக்கும் காசைக் குறித்து "கிரெடிட் இலவசமாகத் தருகிறேன், உன் கணக்கைக் கொடு" என்று வரும் எந்த இணைப்பையும் திறக்காதீர்கள்.

கடையில் விற்பவை உடைக்கவசம், நிறம் போன்ற அலங்காரங்கள். அதிகமாகச் சுடும் துப்பாக்கியோ கூடுதல் ஷீல்டோ காசுக்குக் கிடைக்காது. ஆட ஆட அலங்காரங்களைத் திறந்துதரும் பேட்டில் பாஸை வாங்கினால் அது காலாவதியாவதுமில்லை, ஆகவே "இன்றே முடிக்க வேண்டும்" என்ற அவசரம் தேவையில்லை. வீட்டில் கார்டு சேமித்துவைத்த கணக்கு என்றால் ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள்.

பெற்றோருக்கு: அமெரிக்காவின் ஈஎஸ்ஆர்பி இதை 13 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான டீன் பிரிவில் வைத்திருக்கிறது. ஐரோப்பாவின் பெகி 16 என்கிறது. நான் பெகி பக்கம். அதற்குக் கீழ் உள்ள பிள்ளை ஆட விரும்பினால், குடும்பக் கணக்கில் சேர்த்து, சாட்டை அணைத்து, பாட் மேட்ச்களோடு நிறுத்துங்கள்.

ரேங்க்டு மேட்ச் எப்போது

தரவரிசைக்காக ஆடும் ரேங்க்டில் ராடார் கிடையாது. அணிக்காரர் மேல் பட்டாலும் அடி விழும். நடுவில் வெளியேறினால் சிறிது காலம் மேட்ச் தேட முடியாதபடி தடை வரும். ஆகவே கீழே உள்ள மூன்றுக்கும் "ஆம்" என்று சொல்ல முடிந்தால் மட்டும் போங்கள்.

1. நால்வர் மேப்களில் குறைந்தது மூன்றில், கண் மூடியும் வழி சொல்ல முடிகிறதா?

2. ஷீல்டு உடைந்தால் யோசிக்காமல் பின்வாங்குகிறீர்களா?

3. மேட்ச் முழுவதும் இடைவெளி விடாமல் உட்கார நேரமும், அறுபடாத இணையமும் இருக்கிறதா?

முடிந்தால் தெரிந்தவர் ஒருவரோடு ஜோடியாகப் போங்கள். ஒருவரும் இல்லையென்றால், சாதாரண மேட்ச்களில் உங்களோடு சேர்ந்து நடந்தவர், நீங்கள் சுட்ட எதிரியையே சுட்டவர் யாரென்று கவனியுங்கள். மேட்ச் முடிந்த திரையில் அவருக்கு நட்பு அழைப்பு அனுப்புங்கள்.